நாற்பத்தோராவது ஓஸ்

பூவராகவன் செஞ்சியில் பஸ் மெக்கானிக்காக இருந்தது பதினான்கு வருஷம், நான்கு மாதம், ஆறு நாள். 1951 செப்டம்பர் 17, திங்கட்கிழமை வேலைக்குச் சேர்ந்தார். 1966 ஜனவரி 23, ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு அவர் வண்டி வேலை எதுவும் செய்யவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி ஊரில் இரண்டு விதமாகப் பேசிக்கொண்டார்கள். டிரைவர் கண்மண் தெரியாமல் ஓட்டினான் என்று சிலர். மெக்கானிக் தெரிந்தே பழைய சாமானை மாட்டிவிட்டான் என்று சிலர். இரண்டும் தவறு. நடந்ததை நடந்த வரிசையில் எழுதுகிறேன்.

கோதண்டராமன் முதலாளிக்குப் பஜாரில் மளிகை மண்டி, அதோடு இரண்டு பஸ். நான் பஸ்களுக்குக் கணக்குப்பிள்ளை. வண்டி புறப்பட்ட நேரம், திரும்பிய நேரம், ஓடிய மைல், மாற்றிய சாமான் எல்லாவற்றையும் வண்டிப் பதிவேட்டில் எழுதுவது என் வேலை. இரண்டில் பழையது 1948-இல் வாங்கியது. டிரைவர் துரைராஜ் அதைக் 'கிழவன்' என்றுதான் கூப்பிடுவான்.

ஒவ்வொரு வண்டிக்கும் மூன்று பிரேக் ஓஸ். முன் சக்கரங்களுக்கு ஒவ்வொன்று, பின் அச்சுக்கு ஒன்று. ஒரு முழம்கூட நீளம் இராது. ரப்பரும் நூலும் சேர்த்துச் செய்த குழாய், இரண்டு முனையிலும் பித்தளை. டிரைவர் பெடலை மிதித்தால் எண்ணெய் இரும்புக் குழாய் வழியாக ஓடி, கடைசியில் இந்த ரப்பர்க் குழாய் வழியாகச் சக்கரத்துக்குப் போகும். சக்கரம் திரும்பும், குதிக்கும். அதனால் அந்த இடத்தில் இரும்பு உதவாது. மூன்றில் ஒன்று வெடித்தாலும் எண்ணெய் முழுவதும் வெளியே போய்விடும். அப்புறம் எந்தச் சக்கரத்துக்கும் பிரேக் கிடையாது.

வெள்ளிக்கிழமை மதியம் பூவராகவன் வண்டிக்கு அடியில் படுப்பார். ஓஸைத் துணியால் துடைத்து, இரண்டு கட்டைவிரலாலும் மடித்து, வெடிப்பு தெரிகிறதா என்று பார்ப்பார். பித்தளையும் ரப்பரும் சேரும் இடத்தில் விரலை ஓட்டி முகர்ந்து பார்ப்பார். பிறகு என்னை டிரைவர் சீட்டில் உட்காரச் சொல்வார்.

"மிதிங்க கணக்குப்பிள்ளே. நான் சொல்ற வரைக்கும் காலை எடுக்காதீங்க."

நான் கடிகாரத்தைப் பார்த்து ஒரு நிமிஷம் மிதித்திருப்பேன். அந்த ஒரு நிமிஷமும் அவர் ஓஸைக் கைக்குள் பிடித்திருப்பார். ரப்பர் உப்பினால் கைக்குத் தெரியும் என்பார். வண்டி டிரிப் முடித்து வந்ததும் புறங்கையால் சக்கர டிரம்மைத் தொட்டுப் பார்ப்பார். ஒரு சக்கரம் மட்டும் கொதித்தால் அந்த ஓஸ் உள்ளே ஊதிப்போயிருக்கிறது என்று அர்த்தம். மிதிக்கும்போது எண்ணெய் போகும். காலை எடுத்தால் திரும்பி வராது. அப்படிப்பட்ட ஓஸை வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. மழமழவென்று இருக்கும். குற்றம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் இரண்டு வருஷம் ஆனால் மாற்றிவிடுவார்.

மாற்றியதும் ஒரு காரியம் செய்வார். கழற்றிய ஓஸை ஸ்பிரிட் ஊற்றிக் கழுவித் துடைத்து, பெஞ்சில் வைத்து, இரும்பு அறுக்கிற ஆக்சா பிளேடால் நடுவில் இரண்டாக அறுப்பார். உள்ளே எப்படி இருக்கிறது என்று எனக்குக் காட்டுவார். நான் இரண்டு துண்டுக்கும் ஒரே எண் போட்ட அட்டையைக் கட்டி பிஸ்கட் டின்னில் போட்டு, பதிவேட்டில் 'கழற்றியது' என்ற கட்டத்தில் தேதியும் 'வெட்டியது' என்ற கட்டத்தில் தேதியும் எழுதுவேன். இரண்டு தேதியும் எப்போதும் ஒன்றுதான்.

துரைராஜுக்கு இது வேடிக்கை.

"நீங்க கறிக்கடை வெச்சிருக்கணும் மாமா. நல்லா வந்திருப்பீங்க."

"வெச்சிருந்தா முதல்ல உன் நாக்கைத்தான் அறுத்திருப்பேன். ஆயிலை எடு."

"அண்ணே, இதையும் எழுதிக்குங்க. நான் தும்மினாகூட தேதி போட்டு எழுதறவராச்சே நீங்க."

ஏன் வெட்டுகிறார் என்று நான் ஒரே ஒரு முறை கேட்டேன். யுத்த காலத்தில் அவர் ராணுவ மோட்டார் பட்டறையில் இருந்தவர்.

"நான் கழட்டிப் போட்ட ஓஸை ஒருத்தன் எடுத்து வேற லாரிக்கு மாட்டிட்டான். பாக்க நல்லாத்தானே இருந்துச்சுன்னான். ரெண்டு பேரு செத்துப் பூட்டாங்க. அதுலேர்ந்து முழுசா எதையும் விட்டு வெக்கறதில்லை."

இந்த வழக்கத்தால் ஷெட்டில் ஒரு சட்டம் தானாக உண்டாயிற்று. துண்டாக இருந்தால் பழசு, முழுசாக இருந்தால் புதுசு. யாரும் யாருக்கும் சொல்லித் தரவில்லை. எல்லாருக்கும் தெரிந்திருந்தது.

துரைராஜ் பூவராகவனின் மனைவி ஞானம்பாளின் தம்பி. அவனுக்கு மூன்று வயதாகும்போது தாய் போய்விட்டாள். அக்காதான் இடுப்பில் தூக்கி வளர்த்தாள். கல்யாணமாகிப் புருஷன் வீட்டுக்கு வந்தபோது பெட்டியோடு தம்பியும் வந்தான். அவர்களுக்குப் பிள்ளை இல்லை. 1957-இல் அவன் லைசென்ஸ் எடுத்துக்கொண்டு வந்து பஸ் ஓட்டப் போகிறேன் என்றபோது ஞானம்பாள் இரண்டு நாள் அடுப்பு மூட்டவில்லை. மூன்றாம் நாள் நான் ஏதோ காகிதத்தில் கையெழுத்து வாங்க அவர்கள் வீட்டுக்குப் போயிருந்தேன். வாசலிலேயே பேச்சு காதில் விழுந்தது.

"வேற வேலையே இல்லையா இந்த ஊர்ல? மலைக்கல்லு உடைக்கட்டும். வண்டி வேணாம்."

"வண்டியை அவன் ஓட்டுவான். நிறுத்தறது என் பொறுப்பு. பிரேக்கு நான் பாத்துக்கறேன். போதுமா?"

அடுப்பில் சுள்ளியை முறித்து வைக்கும் சத்தம் கேட்டது.

"உங்க மேல பாரத்தை வெச்சுத்தான் அனுப்பறேன்" என்றாள்.

எட்டு வருஷம் அவர் அந்தச் சொல்லைக் காப்பாற்றினார். வெள்ளிக்கிழமைப் பார்வை ஒன்றுகூடத் தவறவில்லை என்பதற்குப் பதிவேடு இருக்கிறது.

1965-இல் பாகிஸ்தானோடு சண்டை வந்தது. லாரியும் சாமானும் எல்லாம் எல்லைப் பக்கம் போயின. மதராசிலிருந்து வரவேண்டிய ஓஸ் வரவில்லை. கிழவனின் முன் ஓஸ் இரண்டுக்கும் அந்த செப்டம்பரோடு தவணை முடிந்தது. நான் கடைக்கு மூன்று கடிதம் எழுதினேன். ஒரே ஒரு ஓஸ் வந்தது. வலது டிரம் சூடாகிக்கொண்டிருந்ததால் அதை வலது பக்கம் மாட்டுவது, இடது பக்கத்தை அடுத்த ஓஸ் வரும் வரை தினமும் பார்ப்பது என்று அவர் முடிவு செய்தார்.

அது ஆயுதபூஜைக்கு முந்தின நாள். ஷெட்டைக் கழுவி விட்டிருந்தார்கள். ஸ்பேனர், சுத்தியல், ஜாக்கி, ஆக்சா பிளேடு எல்லாவற்றையும் துடைத்து, விபூதி பூசி, சாமி படத்துக்கு முன்னால் பலகையில் அடுக்கியாயிற்று. இனி விஜயதசமி அன்று காலையில்தான் அவற்றைத் தொடுவோம். இரண்டே இரண்டு ஸ்பேனரை மட்டும் வெளியே வைத்துக்கொண்டு பூவராகவன் வலது ஓஸை மாற்றினார். கழற்றிய ஓஸைக் கழுவித் துடைத்து, அறுக்க பிளேடைத் தேடினார். பிளேடு பலகையில் விபூதியோடு இருந்தது.

"சரி, நாளன்னிக்கு எடுத்ததும் முதல் வேலை இதுதான்" என்று ஓஸைச் சுவரில் ஒரு ஆணியில் மாட்டினார்.

பதிவேடும் பூஜைக்குப் போகவேண்டும். வைத்துவிட்டால் விஜயதசமி வரை பிரிக்கக் கூடாது, எழுதக் கூடாது. அரைகுறையாக எழுதிய வரியோடு பதிவேட்டைச் சாமி முன்னால் வைக்க எனக்கு மனசு வரவில்லை. ஓஸ் எண் 41. கழற்றியது: அன்றைய தேதி. வெட்டியது: அன்றைய தேதி. எழுதி, மை காயும் வரை ஊதி, மூடி, அட்டைக்குச் சந்தனம் வைத்தேன். எண் எழுதிய அட்டைச்சீட்டையும் பிஸ்கட் டின்னில் போட்டுவைத்தேன். துண்டுகள் வந்ததும் கட்டிக்கொள்ளலாம் என்று நினைத்தேன்.

அன்று சாயங்காலம் ஞானம்பாள் வந்தாள். வருஷா வருஷம் பூஜைக்கு ஷெட்டின் பித்தளையை எல்லாம் புளி போட்டுத் தேய்ப்பது அவள்தான். குத்துவிளக்கு, மணி, வண்டியின் ஹாரன், எல்லாம். ஆணியில் தொங்கிய ஓஸின் பித்தளை முனைகள் மங்கிக் கிடந்தன. அதையும் எடுத்துத் தேய்த்தாள். பூஜையில் வைத்திருந்த புது பேன் பெல்ட்டுக்கும் பிளக்குகளுக்கும் பக்கத்தில் வைத்து, அவற்றுக்கு இட்டதுபோல அதற்கும் ஒரு சந்தனக் குங்குமப் பொட்டு இட்டாள்.

விஜயதசமி அன்று காலையில் பூசணிக்காய் உடைத்து இரண்டு வண்டியும் கிளம்பின. பெல்ட்டும் பிளக்கும் சாமான் பெட்டிக்குப் போயின. பூவுக்கு அடியில் கிடந்த ஓஸ் பலகையில் சரிந்து, படத்தின் சட்டத்துக்கும் சுவருக்கும் நடுவில் போய் நின்றுகொண்டது. யாருடைய கண்ணிலும் படவில்லை. பூவராகவன் வழக்கம்போல வந்ததும் பதிவேட்டைப் பிரித்து, பாக்கி வேலை என்ன இருக்கிறது என்று பார்த்தார். 41-க்கு நேரே 'வெட்டியது' என்று இருந்தது. நாற்பது முறை அறுத்த கை. நாற்பத்தோராவது முறையும் அறுத்ததாகவே அவருக்கு ஞாபகம். ஆணியும் காலியாக இருந்தது.

ஜனவரி 16-ஆம் தேதி பனமலையிலிருந்து ஆள் வந்தது. பூவராகவனின் தாயார் விருத்தாம்பாளுக்கு நினைவு தப்பிவிட்டது. அவர் புறப்படும் முன் கிழவனின் இடது ஓஸைத் தொட்டுப் பார்த்தார்.

"துரை, தினம் பாரு. கசிஞ்சா வண்டியை எடுக்காதே. தை அமாவாசையாவது, மண்ணாங்கட்டியாவது. இன்னா, புரியுதா?"

"புரியுது மாமா. நீங்க போயி ஆயாவைப் பாருங்க."

19-ஆம் தேதி புதன்கிழமை சாயங்காலம் இடது ஓஸ் கசிந்தது. வெள்ளிக்கிழமை தை அமாவாசை. மேல்மலையனூருக்கு ஆறு நடை ஒப்புக்கொண்டிருந்தோம். துரைராஜ் சொன்ன சொல்லை மீறவில்லை. வண்டியை ஓரம் கட்டிவிட்டான். முதலாளியிடம் போய், கிழவன் வரமாட்டான் என்று சொல்லவும் கிளம்பினான். போகும் முன் சாமிக்கு விளக்கேற்றினான். படத்தில் வாடிய மாலையை எடுக்கப் படத்தைச் சற்றுச் சாய்த்தான். ஓஸ் விழுந்தது.

"அண்ணே! இங்க வந்து பாருங்க."

முழு ஓஸ். பித்தளை முனை தங்கம் மாதிரி மின்னியது. குங்குமம் உதிர்ந்து சந்தனம் மட்டும் காய்ந்து ஒட்டியிருந்தது.

"பூஜைல வெச்ச புது சாமான். மாமா மறந்துட்டாரு பாருங்க. நம்மளை ஊரெல்லாம் தேட விட்டுட்டு!"

நான் கையில் வாங்கிப் பார்த்தேன். மடித்தும் பார்த்தேன். வெடிப்பு இல்லை.

"வெட்டலைன்னா புதுசுதான்" என்றேன்.

இந்த வார்த்தையைச் சொன்னது நான். பதிவேட்டையோ பிஸ்கட் டின்னையோ திறந்து பார்க்கவில்லை. பதிவேட்டில் ஒரு ஓஸ் வந்தது, ஒரு ஓஸ் மாட்டியது என்று நேராக இருக்கும்; இரண்டாவது ஓஸ் எங்கேயிருந்து வரும்? அதை யோசிக்கவேண்டியவன் நான் ஒருவன்தான்.

துரைராஜ் மாட்டினான். நான் பெடலை மிதித்தேன். எண்ணெயில் புகுந்த காற்றை வெளியேற்ற, சோடா பாட்டிலில் விட்ட குழாயில் காற்றுக் குமிழி நிற்கும் வரை மிதித்தேன். பெடல் கல் மாதிரி நின்றது. வெள்ளிக்கிழமை ஆறு நடையும் ஒரு குறையும் இல்லாமல் முடிந்தன. சனிக்கிழமையும் ஓடியது.

ஞாயிற்றுக்கிழமை காலை எட்டேகாலுக்குப் பூவராகவன் பனமலையிலிருந்து வந்து இறங்கினார். முகம் தெளிந்திருந்தது. தாயார் பிழைத்துக்கொண்டார்.

"கண்ணைத் தொறந்து, இன்னும் கல்யாணச் சாப்பாடு போடலையான்னு கேக்குது கிழவி" என்று சிரித்தார். "வண்டி எங்க?"

"ஏழு பத்துக்கு அவலூர்பேட்டை போயிருக்குது. இடது ஓஸ் மாத்தியாச்சு."

"ஏது ஓஸு? வந்துடுச்சா?"

"நீங்க பூஜைல வெச்சிருந்தீங்களே, சாமி படத்துக்குப் பின்னால. புதுசு."

அவர் பையைக் கீழே வைத்தார்.

"நான் எதையும் வெக்கலையே."

பிஸ்கட் டின்னை அவரே எடுத்துக் கவிழ்த்தார். நாற்பது ஜோடித் துண்டுகள் தரையில் கொட்டின. 41 என்று எழுதிய சீட்டு தனியாக விழுந்தது. அதை எடுத்து என்னிடம் நீட்டினார். சுவரோரம் நின்ற என் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

நான் தபால் ஆபீசுக்கு ஓடி அவலூர்பேட்டைக்கு டிரங்க் கால் கேட்டேன். பஸ் அங்கிருந்து திரும்பிப் புறப்படும் நேரம் ஒன்பது ஐந்து. லைன் கிடைத்தபோது மணி ஒன்பது பதினான்கு. வண்டி போய்விட்டது என்றார்கள்.

வழியில் ஓர் ஏரிக்கரை உண்டு. ரோடு கரைமேல் ஏறி, மறுபக்கம் சரேலென்று இறங்கும். இறக்கத்தின் அடியில் கதிர்க்கட்டு சுமந்த பெண்கள் ரோட்டைக் கடந்துகொண்டிருந்தார்கள். வண்டியில் முப்பத்திரண்டு பேர். கண்டக்டர் பிறகு எழுதிக் கொடுத்ததன்படி, துரைராஜ் மூன்று முறை மிதித்தான்; மூன்றாவது முறை பெடல் பலகை வரை போயிற்று. கைப்பிரேக்கை இழுத்தான். நிற்கவில்லை. "எல்லாம் கெட்டியா புடிச்சிக்கோ!" என்று கத்திவிட்டு, ஸ்டியரிங்கை வலது பக்கம் முழுக்க ஒடித்து, ரோடோரத்துப் பனைமரத்தில் தன் பக்கத்தைக் கொண்டுபோய் மோதினான். பயணிகளில் ஏழு பேருக்குக் காயம். ரோட்டைக் கடந்த பெண்களில் ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

பூவராகவன் சைக்கிளில் அங்கே போய்ச் சேர்ந்தபோது மரத்தடியில் அவனைப் படுக்க வைத்திருந்தார்கள். அவர் வந்துகொண்டிருந்த திசையை நோக்கித்தான் பஸ்ஸும் வந்தது. அவர் இன்னும் இரண்டரை மைல் முன்னால் வந்திருந்தால் வண்டியை மறித்து நிறுத்தியிருக்கலாம்.

ஆஸ்பத்திரியில் துரைராஜ் இரண்டு நாள் இருந்தான். திங்கட்கிழமை மத்தியானம் நல்ல நினைவு இருந்தது. கட்டிலின் ஒரு பக்கம் ஞானம்பாள், மறுபக்கம் பூவராகவன், கால்மாட்டில் நான்.

"கிழவன் கழுத்தறுத்துட்டான் மாமா."

"பேசாதே."

"நீங்க சொன்னபடிதான் நிறுத்தினேன். கசிஞ்சதும் நிறுத்திட்டேன். அப்புறம் உங்க புது ஓஸைத்தான் போட்டேன். புதுசுதானே மாமா அது? நான் எதனா தப்பா மாட்டிட்டேனா?"

பூவராகவன் அவன் கையைப் பிடித்துக்கொண்டார். ஓஸைப் பிடிக்கிற அதே பிடி.

"புதுசுதான்டா. நல்லாத்தான் மாட்டியிருக்கே. உன் மேல ஒரு தப்பும் இல்லை."

அவரை அறிந்த பதினான்கு வருஷத்தில் அவர் பொய் சொல்லி நான் கேட்டது அந்த ஒரு முறைதான். மறுநாள், செவ்வாய்க்கிழமை, விடிந்து ஒரு மணி நேரத்தில் துரைராஜ் இறந்தான். அவனுக்கு வயது முப்பது.

விசாரணை வந்தது. வெடித்த ஓஸைப் போலீஸ் எடுத்து வைத்திருந்தது. விசாரணைக்கு முந்தின நாள் முதலாளி எங்கள் இருவரையும் மண்டிக்குக் கூப்பிட்டார்.

"நாப்பத்தொண்ணு வெட்டியாச்சுன்னு ஏட்டுல இருக்குது. அது போதும். அவனா எங்கேயோ வாங்கிப் போட்ட ஓஸு, நமக்குத் தெரியாதுன்னு சொல்லிடலாம். செத்தவனை ஜெயில்ல போடப் போறாங்களா? பூவராகா, உன் பேரும் கெடாது."

பூவராகவன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே வந்துவிட்டார். மறுநாள் அதிகாரி கேட்டதும் எழுந்து நின்றார்.

"அது நான் கழட்டின ஓஸு. ஏட்டுல வெட்டினதா இருக்குது, ஆனா நான் வெட்டலை. பையனுக்கு அது தெரியாது. அவன் மேல குத்தம் எழுதாதீங்க."

வெட்டும் முன்பே வெட்டியதாக எழுதியவன் நான் என்று நானும் சொன்னேன். அதிகாரி இரண்டையும் எழுதிக்கொண்டார். கவனக்குறைவு என்று முடிந்தது. எங்களுக்குத் தண்டனை ஒன்றும் வரவில்லை. ஊர் பேசியதை முதலில் எழுதிவிட்டேன்.

அதிகாரிக்குச் சொல்லும் முன்பே பூவராகவன் வீட்டில் சொல்லியிருக்கிறார். துரைராஜின் காரியம் முடிந்த மறுநாள் என்று பிறகு தெரிந்தது. ஞானம்பாள் என்ன சொன்னாள் என்று அவர் சொல்லவில்லை, நான் கேட்கவும் இல்லை. ஷெட்டுக்கு அவர் வரவே இல்லை. அவருடைய ஸ்பேனர்கள் பெஞ்சில் அப்படியே கிடந்தன.

மார்ச் முதல் வாரத்தில் போலீஸிடமிருந்து ஓஸ் திரும்பி வந்தது. சனிக்கிழமை, 12-ஆம் தேதி, நான் சொல்லி அனுப்பினேன். பூவராகவன் வந்தார். பின்னாலேயே ஞானம்பாளும் வந்தாள். பூஜைக்கு முந்தின நாள் தவிர அவள் ஷெட்டுக்குள் வந்து நான் பார்த்ததில்லை.

ஓஸ் பெஞ்சில் கிடந்தது. பித்தளைக்குப் பக்கத்தில் ஒரு அங்குலம் வாய் பிளந்திருந்தது. மற்றபடி மழமழவென்றே இருந்தது. பூவராகவன் ஆக்சா பிளேடை எடுத்து அதன்மேல் வைத்தார். பிளேடு ரப்பரில் நிற்காமல் வழுக்கி வழுக்கிப் போயிற்று. நான் பிடித்துக்கொள்ளக் கையை நீட்டினேன்.

"நீங்க விடுங்க அண்ணே" என்றாள் ஞானம்பாள். முனையை அவள் பிடித்துக்கொண்டாள். பித்தளை இன்னும் முழுதாக மங்கவில்லை. அதைக் கட்டைவிரலால் தடவினாள்.

"நான் தேய்ச்சது" என்றாள்.

பூவராகவன் நிமிர்ந்து பார்த்தார். அது அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

"ஆணியில அழுக்கா தொங்குச்சு. பூஜைக்கு வெக்கற சாமான்னு நெனச்சேன். புளி போட்டு தேய்ச்சு, பொட்டும் வெச்சேன். தேய்க்காம விட்டிருந்தா பழசுன்னு அவனுக்குத் தெரிஞ்சிருக்கும், இல்ல?"

அவர் பிளேடை மறுபடியும் ரப்பர்மேல் வைத்தார். சொல்ல என்ன இருக்கிறது? தெரிந்திருக்கும் என்றால் அவள் தாங்கமாட்டாள். தெரிந்திருக்காது என்றால் அவள் நம்பமாட்டாள்.

"அறுங்க" என்றாள்.

அறுத்தார். உள்ளே ரப்பர் ஊதி, வழி ஊசி நுழையும் அளவுக்குத்தான் இருந்தது. நான் சீட்டைக் கட்ட நூலை எடுத்தபோது, ஞானம்பாள் தன் கையிலிருந்த பாதியைத் தரவில்லை. முந்தானையில் முடிந்துகொண்டாள். நான் மற்றப் பாதிக்குச் சீட்டைக் கட்டினேன்.

பதிவேட்டில் 'வெட்டியது' என்ற கட்டத்தில் பழைய தேதியைச் சிவப்பு மையால் அடித்து, 12-3-1966 என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

அந்த மாதமே அவர்கள் பனமலைக்குப் போய்விட்டார்கள். அவர் தாயாரின் ஒன்றரை ஏக்கரில் பயிர் வைத்தார். 1968 ஆடியில் விதைக்கு மல்லாட்டைக் கடலை வாங்கச் செஞ்சிக்கு வந்திருந்தார். பஸ்ஸில் வரவில்லை; மாட்டுவண்டியில் வந்தார். பஜார் முனையில் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தோம். தலை முழுக்க நரைத்திருந்தது. தாயார் இன்னும் இருக்கிறார் என்றார். ஷெட்டில் இப்போது யார் என்று கேட்டார். விழுப்புரத்து ஆள் என்றேன்.

"பழசை வெட்டறானா?"

"வெட்டறாரு. நான் பக்கத்துல நின்னு பாத்துட்டுத்தான் எழுதறேன்."

தலையசைத்தார். வண்டிக்காரர் மாட்டைப் பூட்ட ஆரம்பித்தார். எனக்கு வெகுநாளாக மனதில் இருந்ததைக் கேட்டேன்.

"நாப்பத்தொண்ணுல ஒரு பாதி வீட்டம்மா கையில போச்சே. இருக்குதா அது?"

"இருக்குது" என்றார். "சாமி படத்துக்குப் பின்னாலதான் வெச்சிருக்கா. வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை எடுத்து, தொடச்சு, மறுபடியும் அங்கேயே வெச்சிடறா. நான் பாக்காத மாதிரி இருந்துடுவேன்."

பிஸ்கட் டின் இன்னும் என்னிடம் இருக்கிறது. நாற்பது எண்ணுக்கு இரண்டிரண்டு துண்டு. நாற்பத்தொன்றுக்கு ஒன்று.